மனைகள் வரும் கடற்கரையில் நன்னீர் நிலைக்குமா?

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் சாலையின் இருபுறமும் இன்று வண்ணக் கொடிகளும் எல்லைக் கற்களும் கண்ணில் படுகின்றன. பட்டணம்காத்தான் முதல் உச்சிப்புளி, மண்டபம் வரை தென்னந்தோப்புகளுக்கு இடையே வீட்டுமனைப் பிரிவுகள் தோன்றி வருகின்றன. 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் புதிய பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய மாதம் தமிழக நிதிநிலை அறிக்கையில் இராமேசுவரத்தில் விமான நிலையம் அமைக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அவ்வாண்டு ஜூலையில் பரமக்குடி - இராமநாதபுரம் இடையே 46.7 கி.மீ. நான்கு வழிச் சாலைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இவ்வளவு வசதிகள் ஒரு திசையில் குவியும்போது வீடு, விடுதி, கடைவீதி, பள்ளி, மருத்துவமனை அனைத்தையும் ஒரே வளாகத்தில் கட்டும் பெரிய நகரியங்களும் பின்னால் வருவது வழக்கம்.

இதைப்பற்றிப் பேசும்போது விவசாயிகள் முதலில் கேட்பது, "ஏக்கர் என்ன விலைக்குப் போகும்?" என்பதே. அது நியாயமான கேள்விதான். கடன் உள்ளவர், பிள்ளைகளைப் படிக்க வைப்பவர், மகளுக்குத் திருமணம் செய்ய வேண்டியவர் நிலத்தை விற்பதைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் விற்காமல் பயிர் செய்யப் போகிறவரின் கிணற்று நீர் என்ன ஆகும் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. நகரியத்தின் பாதிப்பு அதன் சுற்றுச்சுவரோடு நிற்பதில்லை.

மணலில் மிதக்கும் நன்னீர்

இராமநாதபுரம் மாவட்டத்தின் உட்பகுதியில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் கடலை ஒட்டிய மணற்பாங்கான நிலத்தில், பத்துப் பதினைந்து அடியில் இனிப்பான நீர் ஊறுகிறது. கடலுக்கு அருகில் இருந்துகொண்டே நல்ல தண்ணீர் குடிக்கிறோம் என்று மண்டபம் பகுதியில் பெருமையாகச் சொல்வார்கள். தங்கச்சிமடத்தில் வேர்விட வைக்கும் மல்லிகை நாற்றுகள் பல மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் செல்வதற்கு இந்த மணலும் இந்த நீருமே காரணம்.

இந்த நீர் எங்கிருந்தோ ஓடி வரும் ஊற்று அன்று. அந்தந்த இடத்தில் விழும் மழை மணலில் இறங்கி, கீழே உள்ள உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. உப்பு நீர் கனமானது, நன்னீர் இலேசானது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியல் கணக்கு. இதைத் திருப்பிப் பார்த்தால்தான் ஆபத்து விளங்கும். அதிகமாக இறைத்து நீர்மட்டம் ஓர் அடி இறங்கி அப்படியே நின்றுவிட்டால், அடியிலிருக்கும் உப்பு நீர் காலப்போக்கில் 40 அடி மேலே ஏறும். மேல்மட்டத்தில் ஓர் அடி என்பது கிணற்றைப் பார்த்தால் தெரியாத அளவுதான். தென்னங்குரும்பை கொட்டிய பிறகே பலருக்கு விஷயம் தெரிய வரும். மல்லிகை நாற்று அதற்கும் முன்பே கருகிவிடும்.

ஒரு நகரியத்தின் தாகம்

இரண்டாயிரம் வீடுகள் கொண்ட ஒரு நகரியத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களில் கொள்ளும் அளவு. அப்படியானால் நாளொன்றுக்கு 10 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர் வேண்டும். ஏக்கருக்கு 70 தென்னை, கோடையில் சொட்டு நீரில் மரத்துக்கு 65 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், இந்த நீர் 237 ஏக்கர் தோப்புக்குப் போதும். விடுதியின் புல்வெளியும் நீச்சல் குளமும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

"காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் வருகிறதே" என்று மனை விற்பவர்கள் சொல்வார்கள். அந்த நீர் குடிப்பதற்கே பங்கிட்டு வருகிறது. தோட்டத்துக்கும் கழுவுவதற்கும் ஆழ்துளைக் கிணறுதான் போடுவார்கள். ஆழமாகப் போடப்போட உப்பு நீரின் தலையிலேயே குழாய் இறங்கும்.

மறுபக்கமும் உண்டு. நம் மாவட்டத்தில் ஆண்டு மழை 800 மி.மீ.க்குச் சற்று மேல். அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் பெய்து முடிந்துவிடும். ஓர் ஏக்கரில் விழும் மழை 32 லட்சம் லிட்டருக்கு மேல். மணலில் விழுந்தால் ஒரு பகுதி கீழே இறங்கும். சிமெண்டுத் தரையில் விழுந்தால் சாக்கடை வழியே கடலுக்குப் போய்விடும். இறைப்பது கூடுகிறது, ஊறுவது குறைகிறது. கழிவுநீர்த் தொட்டிகள் சரியாக அமையாவிட்டால் அந்த அழுக்கும் இதே மணலில்தான் இறங்கும். மணல் மேடுகளைச் சமன் செய்வதும் பெருங்கேடு. மழையை வாங்கி வைப்பவை அந்த மேடுகளே. மேட்டைக் காக்கும் பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என 2021-ல் அரசு அறிவித்துள்ளதை நினைவில் கொள்ளவும்.

சென்னைக் கடற்கரை கண்ட அனுபவம்

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் நகரத்துக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் பாசனத்துக்காகவும் ஒரே நிலத்தடி நீரை எல்லோரும் இறைத்தனர். 1969-ல் கடற்கரையிலிருந்து சுமார் 3 கி.மீ. உள்ளே வந்திருந்த உவர்நீர், 1983-ல் சுமார் 7 கி.மீ. வரை புகுந்துவிட்டது. அதன்பின் 1987-ல் சென்னைப் பெருநகரப் பகுதிக்கு நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. உப்பேறிய நீர்த்தாங்கி சட்டம் போட்டதும் இனிப்பாக மாறிவிடாது.

தெற்கே பழைய மகாபலிபுரம் சாலையில் நடந்தது வேறு வகை. சிறுசேரி, செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எல்லாம் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள். கணினி நிறுவனங்களும் அடுக்குமாடி வீடுகளும் வந்தன. சுற்றுவட்டாரத்தில் விவசாயக் கிணறுகளின் நீர் லாரியில் ஏறியது. ஏரிகளின் உபரிநீர் சேரும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், 2022-ல் ராம்சார் பட்டியலில் சேரும்போது, பழைய பரப்பில் சிறு பகுதியாக எஞ்சியிருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தக் குடியிருப்புகள் நீரில் மூழ்கின. கோடையில் லாரித் தண்ணீர், மழையில் படகு என்று அங்குள்ளோர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அங்கும் நன்மை இல்லாமலில்லை. வேலை கிடைத்தது, காய்கறிக்கும் பாலுக்கும் பூவுக்கும் வாசலிலேயே சந்தை வந்தது. இங்கும் அப்படியே மல்லிகைக்கும் இளநீருக்கும் கீரைக்கும் நல்ல விலை கிடைக்கலாம். அதை விளைவிக்க நல்ல தண்ணீர் மிஞ்ச வேண்டும்.

கண்மாய் விவசாயிகள் கவனிக்க வேண்டியது

உட்பகுதியில் கண்மாயை நம்பி நெல்லும் முண்டு மிளகாயும் செய்வோருக்குச் சிக்கல் வேறு. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாய், உப்பைத் தாங்கும் சக்தி குறைந்த பயிர். அங்கே கவனிக்க வேண்டியது வரத்துக்கால். நம் கண்மாய்கள் சங்கிலித் தொடர்போல அமைந்தவை. மேல் கண்மாய்க் கலுங்கில் வழிவது கீழ் கண்மாய்க்கு வரத்து. நடுவில் ஒரு மனைப்பிரிவு கிராவல் அடித்து மூன்றடி மேடாக்கிவிட்டால், கீழே உள்ள ஆயக்கட்டு முழுவதும் பட்டினி. மேலே உள்ளவருக்கு வயலில் வெள்ளம்.

புறம்போக்காகப் பதிவான கால்வாயைக் காக்க 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் இருக்கிறது. ஆனால் பட்டா நிலத்துக்குள் ஓடும் சிறு வாய்க்கால்கள் பல எந்த வரைபடத்திலும் இல்லை. முதலில் மறைபவை இவையே. இருபது ஆண்டுகளுக்குமேல் தடையின்றி, வெளிப்படையாக, உரிமையுடன் நீர் பாய்ந்து வந்த வழிக்கு 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில் பாதுகாப்பு கோரலாம். சாட்சியும் பதிவும் வேண்டும். எனவே இவ்வாண்டு மழை பெய்யும்போதே நீர் ஓடும் பாதையைப் புகைப்படம் எடுத்து, சர்வே எண் குறித்து, ஊராட்சியில் மனுவாகக் கொடுத்து ஒப்புகை பெற்று வைக்கவும். நிலம் விற்பவரும் கிரயப் பத்திரத்தில் "நீர்ப்பாதை உரிமை நீங்கலாக" என்று எழுதிவிட்டால், விற்காத அண்டை வயல்காரருக்குப் பெரிய உதவியாகும்.

இன்னொரு செய்தி. நிலம் ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டம் 2023-ல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. நீர்நிலைகளை உள்ளடக்கிய நிலங்களிலும் பெரிய திட்டங்கள் வர இது வழி செய்கிறது என்பதால் விவசாய சங்கங்கள் எதிர்த்தன. 100 ஹெக்டேர் அளவில் நம் ஊரில் நிலம் சேர்க்கப்படுவதாகத் தெரிந்தால், விவரத்தை முன்னதாகவே கேட்டுப் பெற வேண்டும். கேட்பதற்கு இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. பெரிய மனைப்பிரிவுகளில் பொதுவுக்கு விடும் பத்தில் ஒரு பங்கு திறந்தவெளியைத் தாழ்வான பக்கத்தில் ஒதுக்கி, அங்கே ஊருணி வெட்டச் சொல்லித் தீர்மானம் போடலாம். பூங்கா என்று பலகை மட்டும் வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கிணற்றைக் காக்கும் முறை

மணற்பகுதியில் கிணற்றை ஆழப்படுத்தாமல் அகலப்படுத்தவும். குறைந்த குதிரைத் திறனுள்ள மோட்டாரைக் கொண்டு சிறிது நேரம் இறைத்து, ஊறவிட்டு, மறுபடி இறைப்பதே சரி. ஒரே இடத்தில் உறிஞ்சாமல் ஆழமில்லாத இரண்டு மூன்று ஊற்றுகளில் மாற்றி இறைத்தால் உப்பு மேலேறாது. தென்னைக்குச் சொட்டு நீர், பாத்தியில் உரிமட்டைப் புதைப்பு இரண்டும் நீரை மிச்சப்படுத்தும். பருவமழையில் வரப்பு உயர்த்தி மழையைத் தோட்டத்திலேயே தேக்கினால் உப்பும் கரைந்து இறங்கும். ஏற்கனவே உவராகிவிட்ட நெல் வயல்களுக்குத் திருச்சி 3 போன்ற உவர் தாங்கும் இரகங்கள் உள்ளன.

ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் மே மாதத்திலும், கிணற்று நீரைச் சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் எடுத்துப் பரிசோதிக்கவும். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகே மாதிரி எடுக்க வேண்டும். மின்கடத்தும் திறன் 2.25 டெசிசைமனைத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்கு அந்நீர் ஆகாது. ஒவ்வொரு முடிவையும் தேதியுடன் நோட்டில் எழுதி வைக்கவும். நகரியம் வருவதற்கு முன் நீர் எப்படி இருந்தது என்று நாளை அதிகாரிகளிடம் காட்ட இந்த நோட்டு ஒன்றே ஆதாரமாக இருக்கும். பரிசோதனை பற்றிய விவரங்களை இராமநாதபுரத்தில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையத்திலோ, அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்திலோ கேட்டு அறியலாம்.