சர்வீஸுக்கு விடும் வண்டியும் ஓர் அமானிதம்தான்



சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை செய்பவர். காலையில் ஷோரூமில் சர்வீஸுக்கு விட்ட பைக்கை மாலையில் எடுக்கப் போனபோது, பெட்ரோல் டேங்கின் வலது பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒடுக்கு விழுந்திருந்தது. கேட்டால், "வரும்போதே அப்படித்தான் இருந்தது" என்று பதில். அவரிடம் இருந்த ஜாப் கார்டு நகலைப் பார்த்தோம். வண்டியின் நிலையைக் குறிக்க வேண்டிய கட்டங்கள் எல்லாம் காலி. அடியில் அவருடைய கையெழுத்து மட்டும் இருந்தது. "நான் பொய் சொல்லவில்லை, ஆனால் எதை வைத்து நிரூபிப்பது?" என்று கேட்டார்.

வண்டியை விடுவதற்கு முன்பு கேட்டிருந்தால் அவருக்கு நிறையச் சொல்லியிருக்கலாம். விட்ட பிறகு சொல்ல அதிகம் இல்லை. மற்றவர்களுக்காவது முன்கூட்டியே பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

வண்டி நம் ஊருக்குப் புதிதல்ல. 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட் ஓசூர் ஆலையிலிருந்துதான் வெளியே வந்தது. இன்று ஏத்தர் மின் ஸ்கூட்டர்கள் ஓசூரிலும், ஓலா ஸ்கூட்டர்கள் போச்சம்பள்ளி அருகிலும் தயாராகின்றன. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இப்படிப்பட்ட ஆலைகளிலும், அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளிலும் வேலை பார்க்கிறார்கள். ஒரு பொருள் ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவுக்குப் போகும்போது சோதனைத் தாளில் குறித்துக் கையெழுத்துப் போடாமல் அவர்கள் அனுப்புவதில்லை. அதே பிள்ளைகள் தங்கள் சொந்த வண்டியைச் சாவியோடு நீட்டிவிட்டு, எதையும் பார்க்காமல் ஷிஃப்டுக்கு ஓடுகிறார்கள். அத்திப்பள்ளி தாண்டி வேலைக்குப் போகிறவருக்கும், வண்டியில் துணி கட்டி ஊர் ஊராக விற்கிறவருக்கும் வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானமும் நிற்கும். அதனால் இது சின்ன விஷயம் அல்ல.

எழுதிக்கொள்வது சந்தேகப்படுவது ஆகாது

"படம் எடுத்தால் அவர்களை நம்பாதது போல ஆகுமே" என்று பலர் கூச்சப்படுகிறார்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்வதைப் பற்றிப் பேசும் வசனம்தான் திருக்குர்ஆனிலேயே நீளமான வசனம் (2:282) என்பதை நினைவில் கொள்வோம். எழுத்து இரு தரப்பையும் காக்கிறது. பழைய கீறலைப் புதிய கீறல் என்று சொல்லிச் சண்டைக்கு வரும் வாடிக்கையாளர்களும் உண்டு. அப்போது சம்பளத்தில் பிடித்தம் ஆவது, சர்வீஸ் சென்டரில் வேலை செய்யும் ஏதோ ஒரு ஏழைப் பையனுக்கு. அந்தப் பையன் நம் தெருவைச் சேர்ந்தவனாகவும் இருக்கலாம்.

விடுவதற்கு முன் ஐந்து நிமிடம்

முதல் நாளே வண்டியைக் கழுவித் துடைத்து விடுங்கள். தூசி படிந்த வண்டியில் கீறல் தெரியாது. பிறகு பகல் வெளிச்சத்தில், ஷோரூம் வாசலிலேயே வண்டியைச் சுற்றி வந்து ஒரு வீடியோ எடுங்கள். டேங்கின் இரண்டு பக்கமும், முன் மட்கார்டு, ஹெட்லைட், இண்டிகேட்டர்கள், கண்ணாடிகள், சைலென்சர், சீட் ஆகியவை தெளிவாகத் தெரிய வேண்டும். மீட்டரில் ஓடிய கிலோமீட்டரும் பெட்ரோல் அளவும் தெரியும்படி தனியாக ஒரு படம் எடுங்கள். பேட்டரியின் வரிசை எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். அது டயர் தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். அதையும் எடுத்து வையுங்கள். பொருள் மாறிப்போனதா என்ற சந்தேகம் வந்தால் அதைத் தீர்க்க இவை போதும்.

எடுத்த வீடியோவை அங்கேயே வீட்டில் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அனுப்பிய தேதியும் நேரமும் பதிவாகிவிடும்.

பெட்டியிலும் சீட்டுக்கு அடியிலும் இருப்பதை எடுத்துவிடுங்கள். ஸ்கூட்டர் வைத்திருக்கும் சகோதரிகள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அசல் ஆர்.சி. புத்தகத்தை வண்டியில் விட வேண்டியதில்லை. டிஜிலாக்கரிலும் எம்பரிவாகனிலும் உள்ள ஆவணங்கள் செல்லும் என்று மத்திய அரசு 2018-லேயே அறிவித்துவிட்டது.

ஜாப் கார்டில் பார்க்க வேண்டியவை

1. ஏற்கெனவே உள்ள கீறல், ஒடுக்கு எல்லாவற்றையும் குறிக்கச் சொல்லுங்கள். எதுவும் இல்லையென்றால் "சேதம் இல்லை" என்று எழுதச் சொல்லுங்கள். கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

2. கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, கொடுத்த நேரம் ஆகியவை இருக்க வேண்டும்.

3. உங்கள் குறைகளைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். "ஜெனரல் செக்கப்" என்று ஒரே வரியில் முடிக்க விடாதீர்கள்.

4. மதிப்பிட்ட செலவை எழுதி வாங்குங்கள். அதற்கு மேல் போனால் போன் செய்து கேட்ட பிறகே வேலை செய்ய வேண்டும் என்றும் எழுதச் சொல்லுங்கள்.

5. மாற்றும் பழைய உதிரிபாகங்களைத் திருப்பித் தரச் சொல்லிக் குறியுங்கள். வாரண்டியில் மாற்றுவதைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும். நீங்கள் காசு கொடுத்து மாற்றுவதைக் கேட்டு வாங்கலாம்.

6. நகலை வாங்கிக்கொள்ளுங்கள். நகல் இல்லை என்றால் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சேதம் எங்கே நடக்கிறது?

பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஒரு நாளில் ஏராளமான வண்டிகளை முடிக்க வேண்டிய அவசரமே காரணம். எங்கே தவறு நடக்கும் என்று தெரிந்தால் முன்பே சொல்லி வைக்கலாம்.

வாட்டர் வாஷில் அழுத்தத்துடன் வரும் தண்ணீரை சுவிட்சுகள், ஒயரிங் இணைப்புகள், சக்கர பேரிங், ஏர் ஃபில்டர் பக்கம் நேராக அடித்தால் உள்ளே ஈரம் புகும். ஓடி வந்த சூட்டோடு எஞ்சினில் தண்ணீர் அடிக்கவும் கூடாது. மின் ஸ்கூட்டர் என்றால் சார்ஜிங் துளையின் மூடி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் முந்தின நாளே கழுவிக் கொண்டுபோனால் "வாஷ் வேண்டாம்" என்று சொல்லவும் முடியும்.

எஞ்சின் ஆயில் மாற்றும்போது அடியில் உள்ள டிரெயின் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் மரை போய்விடும். போல்ட் இரும்பு, எஞ்சின் உடல் அலுமினியம் என்பதால் தேய்வது எஞ்சின் பக்கம்தான். ஆயில் சொட்டுவது உடனே தெரியாது, இரண்டு நாள் கழித்துத் தரையில் கறையாகத் தெரியும். ஆயிலின் தரக் குறியீடும் முக்கியம். கியர் பைக்குகளில் கிளட்ச் ஆயிலுக்குள் இருப்பதால் ஜாஸோ எம்.ஏ. வகை வேண்டும். பெரும்பாலான கியரில்லா ஸ்கூட்டர்களுக்கு எம்.பி. வகை. மாற்றி ஊற்றினால் பைக்கில் கிளட்ச் வழுக்கும். உங்கள் வண்டிக்கு உரியது எது, எத்தனை மில்லி என்பது கம்பெனி தந்த கையேட்டில் இருக்கும்.

டிஸ்க் பிரேக் ஆயில் பெயிண்டை அரித்துவிடும். அதை மாற்றும்போது டேங்கையும் மட்கார்டையும் துணியால் மூடச் சொல்லுங்கள். செயினைத் தளர்வே இல்லாமல் இறுக்கினாலும் பேரிங் கெடும். பெரும்பாலான சாதாரண பைக்குகளில் செயின் சுமார் 2 முதல் 3 செ.மீ. வரை மேலும் கீழும் ஆட வேண்டும். சரியான அளவைக் கையேட்டில் பாருங்கள்.

திரும்ப எடுக்கும்போது

இருட்டிய பிறகு எடுப்பதைத் தவிர்க்கப் பாருங்கள். அஸருக்குப் பிறகு உடனே போனால் வெளிச்சம் இருக்கும். "திருப்தி" என்று கையெழுத்துப் போடுவதற்கும் பணம் கட்டுவதற்கும் முன்னால் காலையில் எடுத்த வீடியோவைத் திறந்து, அதே வரிசையில் வண்டியைச் சுற்றிப் பாருங்கள். கிலோமீட்டரை ஒப்பிடுங்கள். ஓட்டிப் பார்க்க ஓரிரு கிலோமீட்டர் கூடுவது இயல்பு, இருபது கூடியிருந்தால் காரணம் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்கவே வேண்டாம். வண்டியை நகர்த்தும் முன் இரண்டு பிரேக்குகளையும் நாலைந்து முறை அழுத்திப் பாருங்கள். டிஸ்க் பேடு மாற்றிய வண்டியில் முதல் அழுத்தத்தில் பிரேக் பிடிக்காமல் போகக்கூடும். ஷோரூம் வாசலில் தேசிய நெடுஞ்சாலையில் லாரிகள் ஓடும் நம் ஊரில் இது உயிர் சம்பந்தப்பட்டது.

சேதம் இருந்தால்

கோபத்தில் சத்தம் போடுவதால் பயன் இல்லை. அங்கேயே படம் எடுத்து, சர்வீஸ் மேனேஜரிடம் காட்டி, ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், நீங்கள் கையெழுத்திடும் இடத்திலேயே "சேதம் குறித்த ஆட்சேபத்துடன் பெறுகிறேன்" என்று எழுதி, அதையும் படம் எடுங்கள். செய்த வேலைக்கான கூலியைத் தராமல் வண்டியை எடுத்துவர முயலாதீர்கள். கூலி வரும்வரை பொருளைத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேலை செய்தவருக்குச் சட்டத்தில் உரிமை உண்டு. பணம் கட்டிப் பில் வாங்குங்கள், சேதத்தைப் பற்றித் தனியாகப் புகார் செய்யுங்கள். பில் தர மறுப்பதே நுகர்வோர் சட்டத்தின்படி முறைகேடான வணிகம்.

"இன்சூரன்ஸில் போட்டுச் சரிசெய்து தருகிறோம்" என்று சிலர் சொல்வார்கள். யோசிக்காமல் சம்மதிக்காதீர்கள். அது உங்கள் பாலிசியிலிருந்து போகும் பணம். ஒரு வருடம் கிளெய்ம் இல்லையென்றால் சொந்த சேதப் பிரீமியத்தில் 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்து வருடத்தில் 50 சதவீதம் வரை உயரும் தள்ளுபடியை நீங்கள் இழப்பீர்கள். அவர்கள் செய்த சேதத்துக்கு நீங்கள் விலை கொடுத்ததாக ஆகிவிடும்.

ஒப்படைத்த பொருளைத் தன் பொருளைப் போலப் பாதுகாக்க வேண்டும் என்பது அமானிதம் பற்றி நாம் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் 151-ஆம் பிரிவில் ஏறக்குறைய அதையே கேட்கிறது. "வாகனங்கள் உரிமையாளர் பொறுப்பில்" என்று பலகை மாட்டியிருந்தாலும் கதை அங்கே முடிவதில்லை. 1998-இல் டெல்லி தாஜ்மஹால் ஹோட்டலில் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்திய மாருதி கார் திருடுபோனது. பார்க்கிங் சீட்டில் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 நவம்பர் 14-இல் தீர்ப்பு வந்தது. தன் கவனக்குறைவுக்கான பொறுப்பை அந்த வாசகத்தைக் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது என்றும், இழப்பு தன் கவனக்குறைவால் நடக்கவில்லை என்று விளக்க வேண்டியது பொருளை வாங்கி வைத்தவரே என்றும் நீதிமன்றம் சொன்னது. அது பார்க்கிங் வழக்கு என்றாலும், சாவியோடு வண்டியை ஒப்படைக்கும் சர்வீஸ் சென்டருக்கும் அடிப்படை அதுவே. ஆனால் நல்ல நிலையில் கொடுத்தோம் என்பதை நாம்தான் காட்ட வேண்டும். அந்த ஐந்து நிமிட வீடியோவின் மதிப்பு அங்கேதான் தெரியும்.

முதலில் வண்டிக் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்குப் படங்களுடன் மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே மனு செய்யலாம். பெங்களூரில் சர்வீஸ் விட்ட ஓசூர்க்காரர் கர்நாடகத்துக்கு அலைய வேண்டியதில்லை, கிருஷ்ணகிரியிலேயே மனு செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் மனு செய்ய வேண்டும். டெலிவரி வேலைக்கோ வியாபாரத்துக்கோ வண்டி ஓட்டுகிறவர், தன் பிழைப்புக்காகத் தானே ஓட்டுகிறார் என்றால் அவரும் நுகர்வோர்தான்.

அந்தச் சகோதரர் பிறகு தன் போனைத் தேடிப் பார்த்தார். பத்து நாள் முன்பு, பெருநாள் அன்று மகளை வண்டியில் உட்கார வைத்து எடுத்த படம் கிடைத்தது. டேங்கின் வலது பக்கம் பளிச்சென்று இருந்தது. அதைக் கம்பெனிக்கு அனுப்பினோம். நடுவில் பத்து நாள் இருந்ததால் முழுப் பொறுப்பையும் ஷோரூம் ஏற்கவில்லை. பேசிப் பேசிப் பாதிச் செலவில் ஒடுக்கெடுத்துப் பெயிண்ட் அடித்துத் தந்தார்கள். அதே படம் அன்று காலை எடுத்ததாக இருந்திருந்தால் மீதிப் பாதியும் அவர் கையிலேயே இருந்திருக்கும்.

புகார் மனுவோ மின்னஞ்சலோ எழுதத் தெரியாதவர்கள், வீட்டில் உருது பேசித் தமிழ் எழுதத் தயங்குகிறவர்கள், ஜாப் கார்டு, பில், படங்களுடன் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உட்கார்ந்து எழுதித் தருகிறோம்.