வானத்தில் ஏது எல்லைக்கோடு? விமானங்கள் மோதாமல் இருக்க அதை ஏன் மாற்றுகிறார்கள்?

2025 ஜனவரி 29, இரவு நேரம். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் ரீகன் விமான நிலையத்தில் தரையிறங்க வந்த பயணிகள் விமானமும், ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரும் போட்டோமாக் ஆற்றுக்கு மேலே மோதிக்கொண்டன. 67 பேர் உயிரிழந்தனர். ஒருவர்கூட பிழைக்கவில்லை.

இவ்வளவு பெரிய வானத்தில் இரண்டும் எப்படி ஒரே இடத்துக்கு வந்தன? கண்ணுக்குத் தெரியாத வான் எல்லைகளில்தான் இதற்கான பதில் இருக்கிறது.

கட்டுப்பாட்டு வான்வெளி என்றால் என்ன?

சிம்பிளா சொன்னா, தரையில் இருக்கும் கட்டுப்பாட்டாளர் பொறுப்பேற்கும் வானப் பகுதி. பரபரப்பான விமான நிலையங்களைச் சுற்றி, அனுமதி வாங்காமல் இதற்குள் நுழையவே கூடாது. அமெரிக்காவின் பெரிய விமான நிலையங்களில் இதன் வடிவம் கிட்டத்தட்ட நம்ம ஊர் தெப்பக்குளம் மாதிரி இருக்கும். அடியில் குறுகலாகத் தொடங்கி, படிப்படியாக மேலே போகப் போக அகலமாகும். தூரத்திலிருந்து இறங்கி வரும் விமானம் கடைசி வரை அந்தப் படிகளுக்குள்ளேயே இருக்கும். சின்ன விமானங்கள் படிக்கு அடியிலும் வெளியிலும் பறந்துகொள்ளலாம்.

கோட்டைத் தாண்டினால்?

1986 ஆகஸ்ட் 31 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே அதுதான் நடந்தது. ஒரு சின்ன பைப்பர் விமானம் அனுமதியில்லாமல், தெரியாமலேயே எல்லைக்குள் நுழைந்துவிட்டது. அதன் உயரத்தை ரேடாருக்குச் சொல்லும் கருவி அதில் இல்லை. ஏரோமெக்ஸிகோ ஜெட் விமானத்துடன் மோதி, இரண்டும் செர்ரிட்டோஸ் பகுதியில் விழுந்தன. தரையில் இருந்த 15 பேர் உட்பட 82 பேர் இறந்தனர்.

அதன் பிறகு அமெரிக்கா இன்னொரு வட்டம் போட்டது. மிகப் பரபரப்பான விமான நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைல், அதாவது சுமார் 55 கி.மீ. தூரத்துக்குள் பறக்கும் விமானங்களில் உயரத்தைத் தெரிவிக்கும் கருவி கட்டாயமானது.

இந்தியா கற்ற பாடம்

1996 நவம்பர் 12. ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே சவுதி போயிங் 747 விமானமும், கஜகஸ்தான் இல்யூஷின் விமானமும் மோதியதில் 349 பேர் பலியானார்கள். நடுவானில் இரு விமானங்கள் மோதிய விபத்துகளில் இதுதான் உலகிலேயே மோசமானது.

அப்போது டெல்லி வான்வெளியில் பெரும்பகுதி விமானப் படைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அதனால் வருவதற்கும் போவதற்கும் ஒரே பாதைதான். கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி, சவுதி விமானத்துக்கு 14,000 அடி என உயரம் கொடுத்திருந்தார்கள். கஜகஸ்தான் விமானம் தன் உயரத்தைவிடக் கீழே இறங்கியதுதான் மோதலுக்குக் காரணம். ஆனால் எதிரெதிரே வரும் இரண்டு விமானங்களுக்கு நடுவே 1,000 அடியைத் தவிர வேறு பாதுகாப்பே இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. பின்னர் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனிப் பாதைகள் பிரிக்கப்பட்டன. மோதல் தவிர்ப்புக் கருவியும் கட்டாயமாக்கப்பட்டது.

அப்படின்னா எல்லையைப் பெரிசாக்கிட வேண்டியதுதானே?

அவ்வளவு சுலபமில்லை. எல்லை விரிந்தால் கட்டுப்பாட்டாளரின் வேலைச்சுமை கூடும். வெளியே தள்ளப்படும் சின்ன விமானங்கள் குறுகிய இடத்தில் நெருக்கியடித்துப் பறக்கும். அங்கே புதிதாக ஓர் ஆபத்து முளைக்கும். சுற்றிப்போனால் எரிபொருள் செலவும் ஏறும். கோடு சிக்கலாக இருந்தால் விமானியே குழம்பிவிடுவார். அதனால்தான் முதலில் ரேடார் பதிவுகளை ஆராய்ந்து, எல்லாத் தரப்பிடமும் கருத்துக் கேட்கிறார்கள். வான்வழித் தகவல்களைப் புதுப்பிக்க 28 நாள் சுழற்சி ஒன்று உலகம் முழுக்க இருக்கிறது. மாற்றங்கள் அந்தத் தேதிகளில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அமலுக்கு வரும்.

வாஷிங்டனில் எங்கே தவறியது?

அந்த ஹெலிகாப்டர் பாதையின் உச்சவரம்பு 200 அடி. விபத்து நேரத்தில் ஹெலிகாப்டர் அதைவிட உயரத்தில் பறந்தது உண்மைதான். ஆனால் அது 200 அடியிலேயே பறந்திருந்தாலும், 33-ம் எண் ஓடுபாதைக்கு இறங்கும் விமானத்துக்கும் அதற்கும் இடைவெளி வெறும் 75 அடியாகக் குறையலாம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சுட்டிக்காட்டியது. சுமார் ஏழு மாடி உயரம். ஒரு சின்னத் தவறைக்கூட தாங்க முடியாத இடைவெளி அது.

2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை, அங்கே பயணிகள் விமானமும் ஹெலிகாப்டரும் பக்கவாட்டில் 1 கடல் மைலுக்கும், உயரத்தில் 400 அடிக்கும் குறைவாக நெருங்கிய சம்பவங்கள் மட்டும் 15,214. இவை அத்தனையும் விபத்துக்கு முன்பே பதிவான தகவல்கள். ஆனால் அந்தப் பாதையின் முக்கியப் பகுதி நிரந்தரமாக மூடப்பட்டது 2025 மார்ச்சில்தான்.

விமானியும் கட்டுப்பாட்டாளரும் மனிதர்கள்தான், தவறு செய்வார்கள். அந்தத் தவறு உயிரைப் பறிக்காத அளவுக்கு இடம்விட்டுப் போடுவதே நல்ல எல்லைக்கோடு. அதை எப்போது மாற்ற வேண்டும் என்பதை நூலிழையில் தப்பிய சம்பவங்களே சொல்லிவிடும். வாஷிங்டனில் அவை 15,214 முறை சொல்லியிருந்தன.