ஈறில் ரத்தமா? அலட்சியம் வேண்டாம்!

பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் கசியுதா? "பிரஷ் பட்டிருக்கும்"னு விட்டுடாதீங்க.

ஈறிலுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள், புரதத் தண்டில் சர்க்கரைச் சங்கிலிகளைக் கோத்து 'புரோட்டியோகிளைக்கான்' என்ற பொருளைத் தயாரிக்கின்றன. ஈரத்தைப் பிடித்துவைத்து ஈறை உறுதியாக்குவது இதுதான். இதில் ஒரு வகையான டெகோரின், கொலாஜன் இழைகளின் பருமனைச் சீராக்கும். எதை எவ்வளவு தயாரிக்கணும் என்று டிஜிஎஃப்-பீட்டா போன்ற புரதங்கள் செல்களுக்குச் சமிக்ஞை தரும்.

பல்லோரம் கிருமிப் படலம் படிந்து அழற்சி வந்தால், நொதிகள் இவற்றைச் சிதைக்கும். ஈறு வீங்கி ரத்தம் கசியும். ஆரம்பத்திலேயே கவனித்தால் ஈறு பழைய நிலைக்குத் திரும்பும். விட்டால் எலும்பும் கரைந்து பல் ஆடலாம்.

ரத்தம் வருதேன்னு தேய்ப்பதை நிறுத்தாதீங்க. தினமும் இருமுறை மென்மையாகத் தேய்த்து, அரசு மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவில் காட்டுங்க. சந்தேகம் இருந்தால் 104-ஐ அழையுங்க.