குர்லா ரயிலும் உஷ்ண சக்தியும்

1925 பிப்ரவரி 3ஆம் நாள், பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடிற்று. அதற்கு முன் ரயில்களை இழுத்தவை நீராவி எஞ்சின்கள். அவற்றில் எரிந்த நிலக்கரியின் உஷ்ணத்தில் பத்தில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் இயக்கமாக மாறியதில்லை. மற்றது புகையோடும் நீராவியோடும் வெளியேறிற்று.

உஷ்ணமும் ஒருவகைச் சக்தியே. அது அழிவதில்லை, உருமாறுகிறது. பிரேக் கட்டை அழுத்தும்போது ரயிற்சக்கரம் சுடுவதன் காரணம் இதுவே: இயக்க சக்தி உஷ்ணமாகிக் காற்றில் கலக்கிறது. இன்று குர்லா வழியே செல்லும் புறநகர் ரயில்களில், வேகம் குறைக்கையில் மோட்டாரே ஜெனரேட்டராகி, அச்சக்தியின் ஒரு பகுதியை மின்கம்பிக்குத் திருப்பியளிக்கிறது.

இவ்வுண்மையை வகுப்பில் விளக்க, மாணவர் தம் உள்ளங்கைகளை உரசிப் பார்த்தாலே போதும். சிதறிய உஷ்ணத்தை மீண்டும் திரட்டுதல் அரிது; சிதறுமுன் காப்பதே சிக்கனம். பாத்திரத்தை மூடிச் சமைப்பதும் அச்சிக்கனமே.