கரைக்கு எந்த மரம், எந்த மாதம்

யூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். 1972 இல் ஸ்ரொக்கோம் நகரில் ஐக்கிய நாடுகளின் மாநாடு தொடங்கிய திகதி அது. அதை ஒட்டி எங்கள் பள்ளிக்கூடங்களிலும் திணைக்களங்களிலும் கன்று நடுகிறார்கள். வன்னியில் அந்த நாள் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சோளகம் பிடித்து வீசிக்கொண்டிருக்கும். தரவையில் புல் கருகியிருக்கும். ஆற்றில் மணல்தான் தெரியும். அடுத்த நல்ல மழைக்கு ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாவிட்டால் அன்று நட்ட கன்று ஆடி முடிவதற்குள் சருகாகிவிடும். நட்டவர்களின் அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. திகதிதான் எங்கள் மழைக்குப் பொருந்தாதது.

வட மாகாண சபை இயங்கிய காலத்தில் பொ. ஐங்கரநேசன் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தபோது கார்த்திகையை மரநடுகை மாதமாக்கினார்கள். அந்தச் சபை எடுத்த முடிவுகளில் மண்ணை அறிந்து எடுத்த ஒன்றாக இதை நான் மதிக்கிறேன். மாரி தொடங்கி மண் குளிர்ந்து, இன்னும் இரண்டு மூன்று மாதம் ஈரம் நிற்கும் என்ற உறுதி இருக்கும்போது நட்டால், கோடை வருவதற்குள் வேர் கீழே இறங்கிவிடும்.

அப்படியானால் கோடையில் சும்மா இருப்பதா? இல்லை, அது விதை பொறுக்கும் காலம். நாவலும் இலுப்பையும் பழுத்து விழுவது அப்போதுதான். இந்த இரண்டின் விதையையும் காயவைத்துச் சேமிக்க முடியாது. சில நாள்களுக்குள் மண்ணில் போடாவிட்டால் முளைக்கும் சக்தி போய்விடும். மருதின் விதை இறகு வைத்த வலிய காய்க்குள் இருக்கும். முளைக்கச் சுணங்கும். அதைத் தண்ணீரில் ஊறவைத்துப் போட வேண்டும். பொலித்தீன் பைகளில் மண்ணும் எருவும் நிரப்பி, ஒரு பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில் நாற்றுமேடை போட்டால், யூன் மாதத்து உற்சாகம் கார்த்திகையில் கன்றாகக் கைக்கு வரும்.

இனி ஆற்றைப் பற்றிப் பேசலாம். கனகராயன் ஆறு வவுனியா வடக்கில் தொடங்கி, முல்லைத்தீவு மாவட்டத்தின் ஊடாகக் கிளிநொச்சிக்குள் வந்து, சுண்டிக்குளம் கடல்நீரேரியில் முடிகிறது. நடுவில் அதை மறித்துக் கட்டியதுதான் இரணைமடு. 1902 இல் வேலை தொடங்கிய குளம் அது. ஆண்டில் பாதிக்கு மேல் ஆற்றின் கீழ்ப்பகுதி வெறும் மணல்வழி. மாரியில் அதே வழியால் ஊரை அள்ளிக்கொண்டு போகிற வெள்ளம் வரும். 2018 டிசம்பரில் இரணைமடுவின் புனரமைப்பு முடிந்து விழா நடந்தது. சில நாள்களில், 21 ஆம் திகதி இரவு கொட்டிய மழையில் வான்கதவுகளைத் திறக்க வேண்டியதாயிற்று. முரசுமோட்டை, பன்னங்கண்டி, கண்டாவளைப் பக்கத்துச் சனம் அந்த இரவை இன்னும் மறக்கவில்லை.

வெள்ளத்தைப் பார்க்கும் எவருக்கும் பாய்ச்சல்தான் கரையை அரித்துக்கொண்டு போகிறது என்று தோன்றும். அதில் உண்மை உண்டு. ஆனால் வெள்ளம் வடியத் தொடங்கிய பிறகுதான் கரையின் பெரும்பகுதி சரிகிறது. ஆறு நிறைந்திருக்கும்போது கரை மண் தண்ணீரைக் குடித்துப் பாரமாகிவிடும். ஆற்றிலுள்ள தண்ணீரே பக்கவாட்டில் அணைத்து அதைத் தாங்கி நிற்கும். தண்ணீர் மளமளவென்று இறங்கியதும் அணைப்புப் போய்விடுகிறது, பாரம் மட்டும் மிஞ்சுகிறது. அடிக்கரை ஏற்கெனவே அரிபட்டிருந்தால் மேற்கரை துண்டாக உடைந்து விழும். வெயில் எறித்து, எல்லாம் முடிந்தது என்று நினைக்கிற மூன்றாம் நாளில் ஒரு வேலித்துண்டோ தென்னையோ ஆற்றுக்குள் கிடப்பது இதனால்தான்.

மரத்தின் வேலை இந்த இடத்தில் தொடங்குகிறது. வைக்கோல் கலந்து குழைத்த மண்சுவர் வெறும் மண்சுவரை விட எத்தனை மடங்கு நிற்கும் என்று மண்வீடு கட்டிய எங்கள் ஊர்களுக்குத் தெரியும். கரைக்குள் ஓடும் வேர் செய்வதும் அதுதான். பருத்த வேர் ஆழத்தில் மண்ணைத் தைத்துப் பிடிக்கும், மயிர்வேர் மேல்மண்ணைக் கரையவிடாது. அத்துடன் வேர் உறிஞ்சும் மண்ணின் ஈரத்தை இலைகள் ஆவியாக விடுவதால் கரையின் பாரமும் குறைகிறது. வயலிலிருந்து உரமும் சேறுமாக ஓடிவரும் தண்ணீர் மரங்களுக்கும் புல்லுக்கும் நடுவில் வேகம் குறைந்து, சேற்றை அங்கேயே இறக்கிவிட்டு வரும். நிழல் விழும் ஒடுங்கிய வாய்க்காலில் ஆகாயத்தாமரையும் சல்வீனியாவும் வெயில் தேடித் திணறும். மீனுக்கு வேண்டிய பூச்சியும் உதிர்ந்த இலையிலிருந்துதான் தொடங்குகிறது.

ஆகவே கரைமரத்தை அதன் வேருக்காகவும், தண்ணீரில் நின்றுபிடிக்கும் குணத்துக்காகவும் தெரிவு செய்ய வேண்டும். பூவுக்காகவோ, விரைவில் வளர்ந்து நிழல் தரும் என்பதற்காகவோ அல்ல.

தண்ணீரோரம் முதலில் வர வேண்டியது மரம் கூட அல்ல. நாணலும் வெட்டிவேரும் நீர்நொச்சியும்தான் அந்த இடத்துக்கு உரியவை. வெள்ளம் மேலால் போனால் வளைந்து படுத்து, வடிந்ததும் நிமிர்கிறவை அவை. அவற்றின் பின்னால், அடிக்கரையில், மருது. வன்னியின் ஆறுகளில் மருது நிற்காத ஆறு இருக்காது. வெளிர்ந்த வழுவழுப்பான அடிமரம், தண்ணீருக்குள் இறங்கி முடிச்சு முடிச்சாகப் பின்னிய வேர். மாதக்கணக்கில் வெள்ளம் நின்றாலும் அழுகாது. கிளை ஒடிந்தால் தளிர்க்கும். விதை தண்ணீரில் மிதந்து போய், கீழே ஒரு வளைவில் ஒதுங்கித் தானே முளைக்கும். ஒரு மருதந்தோப்பை மேல்பக்கத்தில் காப்பாற்றினால் கீழ்ப்பக்கத்துக் கரைக்கு நடுகையை ஆறே செய்து தரும். இந்த ஒன்றுக்காகவே, புதிய கன்று ஆயிரம் நடுவதை விட நிற்கிற பழைய மருது பத்தை வெட்டாமல் காப்பது பெரிய வேலை என்பேன்.

மருதுக்கு அடுத்த வரிசையில் புங்கு, நாவல், நீர்க்கடம்பு. புங்கின் வேர் பக்கவாட்டில் பரந்து மண்ணைப் பிடிப்பதோடு அந்த மண்ணுக்கு உரமும் சேர்க்கிறது. மேற்கரையில், வெள்ளம் எப்போதாவது மட்டும் எட்டிப்பார்க்கும் இடத்தில் இலுப்பை, வேம்பு, விளாத்தி. அதற்கும் மேலே காய்ந்த மேட்டில் பாலையும் வீரையும். பாலை மிக மெதுவாக வளரும். நடுகிறவர் அதன் பழத்தைச் சாப்பிட நாளாகும், சிலவேளை பேரப்பிள்ளைதான் சாப்பிடும். அதற்காக அதை விட்டுவிட்டு இபில் இபிலை நடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலை வருகிறது. இபில் இபில் ஒரு முறை கரையில் பிடித்துவிட்டால் வேறு எதையும் அடியில் முளைக்கவிடாது. தேக்கும் கரைக்குச் சரிவராது. அதன் அடியில் புல் பூண்டு குறைந்து, பெரிய இலையிலிருந்து விழும் மழைத்துளி வெறும் மண்ணை அடித்துக் கரைக்கும்.

இந்த வரிசை புத்தகத்தில் பிறந்ததல்ல. உலர்வலயத்தின் பழைய குளங்களில் அலைகரைக்கு மேலே ஒரு மரச்சோலை இருக்கும். குளக்கட்டுக்குக் கீழே, வயல் தொடங்கும் முன்னர் இன்னொன்று இருக்கும். மேலுள்ளது காற்றை மறித்துத் தண்ணீர் ஆவியாவதைக் குறைக்கும். கீழுள்ளது கட்டினூடாகக் கசியும் நீரிலுள்ள உப்பை வயலுக்குப் போகவிடாமல் தடுக்கும். சிங்கள ஊர்களில் முதலாவதைக் கஸ்கொம்மன என்றும் இரண்டாவதைக் கட்டக்கடுவ என்றும் சொல்வார்கள். குளத்தின் கீழ்க் குளமாகத் தொடரும் இந்த ஒழுங்கை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2017 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. வவுனியாவின் சிறுகுளங்களும் அதே உலர்வலயத்தின் பிள்ளைகள்தாம்.

நகரத்துக்குள் வந்தால் கதை கடினமாகிறது. வவுனியா நகரில் வைரவபுளியங்குளம், பண்டாரிக்குளம் என்று குடியிருப்புகளின் பெயரே குளமாக இருக்கிறது. ஒரு குளத்தின் வான்தண்ணீர் அடுத்ததற்குப் போகும் வழியோ கடைகளின் பின்புறக் கழிவு வாய்க்காலாகிவிட்டது. கிளிநொச்சி 2009 க்குப் பிறகு ஏ9 வீதியை ஒட்டி மேடாக்கி மேடாக்கிக் கட்டப்பட்ட பட்டினம். தாழ்ந்த நிலத்தில் ஓடிய தண்ணீருக்கு அங்கே பழைய வழி கிடைப்பதில்லை. இப்படியான இடத்தில் மரம் கடைசியாகத்தான் வர வேண்டும். சென்னை அடையாறு முகத்துவாரத்தில் கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கரைத் தொல்காப்பியப் பூங்காவாக மீட்டு 2011 இல் திறந்தார்கள். அங்கே முதலில் இடிபாடு வெளியேறியது, பிறகு நீர்வழி தோண்டப்பட்டது, அதன் பிறகுதான் கன்று. பொலித்தீனும் சாக்கடையும் நிறைந்த வாய்க்காலின் கரையில் நேரே கன்று நட்டால், வெள்ளத்தில் வரும் குப்பை கன்றில் சிக்கி, கன்றையும் பிடுங்கிக்கொண்டு போகும்.

மணல் அள்ளும் இடத்திலும் அப்படித்தான். டிப்பர் இறங்கிப் படுக்கையை ஒரு ஆள் ஆழத்துக்குத் தோண்டிய இடத்தில் அடிக்கரைக்குக் கால் இல்லை. நூறு வருட மருதே வேர் தெரியச் சாய்கிறது, அங்கே இரண்டடிக் கன்று என்ன செய்யும்? மணல் அள்ளுவது நின்ற பிறகுதான் அங்கே மரம். இதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் கன்றை மட்டும் கொண்டுபோய் நட்டால், அந்த உழைப்பு ஆற்றுக்குப் போய்ச் சேராது.

காணி யாருடையது என்பதையும் முதலே தெரிந்துகொள்ளுங்கள். 1947 ஆம் ஆண்டின் அரச காணிக் கட்டளைச் சட்டம் ஆறுகளின் ஓரத்தை ஒதுக்கிவைக்க இடம் தருகிறது. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் குளங்களையும் அவற்றின் ஒதுக்கையும் காக்கிறது. கிராம அலுவலர், கமக்காரர் அமைப்பு, நீர்ப்பாசனத் திணைக்களம் மூன்றையும் கூட்டிக்கொண்டு ஒரு முறை கரையோடு நடந்தால் எல்லை தெரியும். அந்த எல்லையில் நிற்கும் மரவரிசை, பிறகு யாராவது மண் கொட்ட வந்தால் கல்லை விட நல்ல சாட்சி. ஆனால் இடம்பெயர்ந்து திரும்பிவந்து, ஒதுக்கிலேயே ஒரு மரக்கறித் தோட்டம் வைத்துப் பிழைக்கும் குடும்பமும் அங்கே இருக்கலாம். அவர்களை ஆக்கிரமிப்பாளர் என்று பெயர் வைத்து ஒதுக்கிவிடாதீர்கள். அவர்களின் கிணறும் அதே கரையில்தான் இருக்கிறது, கன்றுக்குத் தண்ணீர் ஊற்றப்போவதும் அவர்களாகத்தான் இருக்கும்.

எங்கள் மண்ணுக்கே உரிய இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. குழி தோண்டும் முன்னர் அந்த இடம் கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட நிலமா என்று உறுதிப்படுத்துங்கள். வெள்ளம் பொருள்களை இடம் மாற்றிவிடும். சந்தேகமான இரும்பு எதைக் கண்டாலும் தொடாமல் விலகி வந்து அறிவியுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களுக்கு இதை இரண்டு முறை சொல்கிறேன்.

வெள்ளக்கோட்டுக்கு மேலே கார்த்திகையில் நடலாம். கோட்டுக்கு உள்ளே நட்டால் மார்கழி வெள்ளம் கொண்டுபோகும். அங்கே தை பிறந்து தண்ணீர் இறங்கியதும் நட வேண்டும், பங்குனியிலிருந்து தண்ணீர் ஊற்றும் கடமையையும் சேர்த்து ஏற்க வேண்டும். வெள்ளக்கோடு எது என்று தெரியாவிட்டால் வேலியிலும் மரக்கிளையிலும் சிக்கியிருக்கும் சருகின் உயரத்தைப் பாருங்கள், பழைய ஆட்களைக் கேளுங்கள்.

கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977 இல் தொடங்கிய பசுமைப் பட்டி இயக்கம், கன்று வளர்த்த பெண்களுக்கு ஒரு சிறு தொகை கொடுத்தது. நட்ட கன்றுக்கு அல்ல, பிழைத்த கன்றுக்கு. அந்த ஒரு விதி எங்கள் தொண்டர் குழுக்களின் கணக்கையும் மாற்றிவிடும். கார்த்திகையில் எத்தனை நட்டோம் என்று எழுதுகிற கொப்பியில், அடுத்த புரட்டாசியில் எத்தனை நிற்கின்றன என்று எழுத ஒரு நிரல் போடுங்கள். மூன்று கோடை தாண்டிய கன்றைத்தான் கரை மரமாகக் கணக்கில் எடுக்கலாம். ஒரு கிழமைச் சிரமதானத்துக்கு ஐம்பது பேர் வருவது எளிது. சித்திரை வெயிலில் இரண்டு வாளியோடு வருகிற ஐந்து பேரைத்தான் தேட வேண்டும். அவர்களின் சைக்கிளுக்கோ உழவு இயந்திர டீசலுக்கோ காசு ஒதுக்காத திட்டத்தை நான் நம்பமாட்டேன். கன்றருகே ஒரு மண்பானையைக் கழுத்து வரை புதைத்து நிரப்பிவிட்டால், அது கசிந்து கசிந்து பல நாள் தாங்கும்.

கடைசியாக மாடு. வன்னியின் பட்டிமாடுகள் கோடையில் தண்ணீருக்கு ஆற்றுக்குத்தான் வரும், பச்சையாக நிற்பது உங்கள் கன்று மட்டும்தான். ஒவ்வொரு கன்றையும் சுற்றி அலம்பல் அடைக்கலாம். கரை நீளத்துக்குக் கிளுவங்கதியாலும் போடலாம். ஆனால் முழுக் கரையையும் அடைத்தால் பட்டிக்காரர் ஒரு நாள் வேலியைப் பிரிப்பார், அவரிலும் பிழை இல்லை. நடுகைக்கு முன்னரே அவரைக் கூப்பிட்டு, மாடு வழக்கமாக இறங்கும் துறைகளைக் கேட்டு, சரிவு குறைந்த, மண் இறுகிய இரண்டைத் திறந்து விடுங்கள். அந்தத் துறைகளுக்குக் கல் பரப்பி, மிச்சக் கரையை அடையுங்கள்.