மூணு அறுப்பும் முடியாத கணக்கும்

"வேலைன்னு ஒண்ணும் பாக்கல மாமா. பழம் நெறம் வாங்கிருச்சு, இனி அறுப்புதான் பாக்கி. நாள் பூராம் பந்தலுக்கடியில சும்மாதான் உக்காந்திருந்தேன். ஆனா பொழுது சாயிறப்போ மண்டை ஓஞ்சு போகுது. பையன் பாடத்துல ஒரு சந்தேகம் கேட்டா எரிஞ்சு விழுறேன். இது என்ன சீக்கு?"

மாப்பிள்ளை என் அக்கா மகளைக் கட்டியவர். சுருளிப்பட்டியில் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறார். மோட்டார் ரூம் திண்டில் உட்கார்ந்து டீ குடிக்கும்போதுதான் இப்படிக் கேட்டார். சீக்கு என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் பேசிப் பார்ப்போமே என்றேன்.

மம்பட்டி பிடித்தவனுக்கு எங்கே வலிக்கிறது என்று தெரியும். மூளை அசதிக்கு வலிக்கிற இடம் கிடையாது. அது எரிச்சலாக வரும், மறதியாக வரும், சின்ன முடிவைக்கூட 'நாளைக்குப் பாப்போம்' என்று தள்ளிப்போட வைக்கும். 2022இல் பாரிஸில் ஒரு ஆய்வுக்குழு சிலருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் கடினமான மூளை வேலை கொடுத்து ஸ்கேனில் பார்த்தது. நெற்றிக்குப் பின்னால், முடிவெடுக்க உதவும் பகுதியில் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் கூடுதலாகச் சேர்ந்திருந்தது. லேசான வேலை பார்த்தவர்களுக்கு அப்படிச் சேரவில்லை. இன்னொன்றும் தெரிந்தது. அசந்துபோனவர்கள், பொறுத்திருந்தால் கிடைக்கும் பெரிய தொகையைவிட உடனே கைக்கு வரும் சின்னத் தொகையையே அதிகம் நாடினார்கள். தோட்டத்துக்கு வரும் வியாபாரி முதலில் சொல்லும் விலைக்குத் தலையாட்டிவிட்டு ராத்திரியெல்லாம் புரள்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

"அவங்க மூளை வேலை பாத்தாங்க. நான்தான் பாக்கலியே?"

பார்த்தீர்கள் மாப்ள, உங்களுக்கே தெரியவில்லை. அதைச் சொல்ல இந்தக் கம்பம் பள்ளத்தாக்கை விட்டுக் கரும்புக் காட்டுக்குப் போக வேண்டும். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்கள், 464 கரும்பு விவசாயிகள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நாலு பேர் இவர்களிடம் நடத்திய ஆய்வு 2013இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. பணக்காரனையும் ஏழையையும் ஒப்பிடாமல், ஒரே ஆளை வெட்டுக்கு முன்னால் ஒரு தடவை, வெட்டு முடிந்து பணம் வந்தபிறகு ஒரு தடவை சோதித்தார்கள். கரும்புக்காரனுக்கு வருசத்தில் ஒரு தடவைதான் பணம். வெட்டுக்கு முன்னால் நூற்றுக்கு 78 பேர் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பிறகு 4 பேர்தான்.

என்ன சோதனை என்றால், இதுதான். மருந்துக்கடை பில்லின் முதுகில் 5 5 5 என்று எழுதி மாப்பிள்ளையிடம் நீட்டினேன். "இதுல எத்தனை எண் இருக்கு? டக்குனு சொல்லுங்க." "அஞ்சு" என்றார். பிறகு முறைத்துப் பார்த்து, "மூணு" என்றார். வாய்க்கு முந்திக்கொண்டு வரும் பதிலை அடக்கிச் சரியான பதிலைச் சொல்லத் தனியாக ஒரு தெம்பு வேண்டும். இந்த மாதிரி வரிசையை முடிக்க அந்த விவசாயிகளுக்கு வெட்டுக்கு முன் சராசரியாக 146 விநாடி ஆனது. வெட்டுக்குப் பின் 131. தப்பும் குறைந்தது. விடுபட்ட உருவத்தைக் கண்டுபிடிக்கும் புதிரிலும் அதே கதைதான்.

வெட்டுக்கு முந்தைய மாசத்தில் வெயிலோ வேலையோ அதிகமாக இருந்திருக்கும், சாப்பாடு குறைந்திருக்கும் என்று யாரும் சந்தேகப்படுவார்கள். அதையும் பார்த்திருக்கிறார்கள். ஆலை ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு மாசத்தில் வெட்டு உத்தரவு கொடுப்பதால் பருவம் காரணமில்லை. உழைப்பும் உணவும்கூட இந்த வித்தியாசத்தை விளக்கவில்லை. பணத்தைப் பற்றிய யோசனை மூளையில் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, மற்றதற்கு மிச்சமில்லை என்பது அவர்கள் வாதம். நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள், ஆனால் தண்ணீர் இல்லாத கிணற்றில் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மழை வந்தால் பழம் வெடிக்குமே, செவட்டை நோய் விழுமோ, வியாபாரி எப்போ வருவான், என்ன விலை சொல்லுவான்...

"இவ வளையல் எங்க இருக்குன்னு அதையும் சேத்துக்கங்க" என்றார்.

இந்த முடிவை எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில் இப்படியொரு வித்தியாசம் தென்படவில்லை. என் கணிப்பு, சம்பளம் வரும் தேதியும் தொகையும் முன்கூட்டியே தெரியும், திராட்சைக்கு இரண்டும் தெரியாது என்பது. ஆகவே எனக்குக் கரும்புக் காடுதான் பக்கத்தில் தெரிகிறது.

அதிலும் நம் ஊர் விசேஷம் ஒன்று உண்டு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்போது எல்லாரும் பெருமையாகச் சொன்னது, இங்கே வருசத்துக்கு மூணு அறுப்பு, எந்த மாசம் வந்தாலும் ஏதோ ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும் என்பது. பெருமைதான். ஆனால் கரும்புக்காரன் வருசத்துக்கு ஒரு தடவை படும் வெட்டுக்கு முந்தைய அவஸ்தையை நாம் மூணு தடவை படுகிறோம். ஒரு கணக்கு முடிவதற்குள் அடுத்த கவாத்துச் செலவு வாசலில் நிற்கிறது.

சரி, எப்படி மீள்வது? டீ மீட்காது. மூளையில் சேர்கிற அசதிச் சைகையை அதிலிருக்கும் காஃபின் கொஞ்ச நேரம் மறைக்கிறது, அவ்வளவுதான். குடித்ததில் பாதி அஞ்சு மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். ஆறு மணி டீ பதினொரு மணித் தூக்கத்தைக் கெடுப்பது அதனால்தான். போனும் மீட்காது. விலை என்ன, கேரளாவில் மழையா என்று வாட்ஸ்அப்பைத் தள்ளிக்கொண்டே இருப்பது ஓய்வு மாதிரித் தெரியும், கவனத்தை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும்.

நடை மீட்கும். மிச்சிகனில் 2008இல் செய்த ஆய்வு: மரத்தோட்டத்தில் நடந்துவிட்டு வந்தவர்கள் எண்களைத் தலைகீழாகச் சொல்வதில் தேறினார்கள், டவுன் வீதியில் நடந்தவர்கள் அவ்வளவு தேறவில்லை. கடுங்குளிரில், பிடிக்காமல் நடந்தவர்களுக்குக்கூடப் பலன் இருந்தது. நமக்குச் சுருளி அருவி பக்கத்திலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் போய் வந்து அசதி தீரவில்லை என்று சொல்லக்கூடாது.

அடுத்தது எழுதுவது. பாதியில் நிற்கும் வேலையை எப்போது, எப்படி முடிப்பது என்று குறித்து வைத்தாலே அது மனசை நோண்டுவது குறைகிறது என்று மசிகாம்போவும் பௌமைஸ்டரும் 2011இல் காட்டினார்கள். ஆகவே மாப்ள, கிலோ இன்ன விலைக்குக் கீழே கொடுக்க மாட்டேன் என்பதை வியாபாரி வந்து நிற்கும்போது முடிவு செய்யாதீர்கள். போன அறுப்புப் பணம் கையில் இருக்கும்போது, நல்லாத் தூங்கி எழுந்த காலையில் எழுதி வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு அசதி இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் அது வேறு விசயம். ரத்தச்சோகை, தைராய்டு, சர்க்கரை என்று பார்க்க வேண்டும். மனசு எதிலும் ஒட்டவில்லை, இருந்து என்ன பிரயோசனம் என்று தோன்றினால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் 14416க்குப் பேசுங்கள். அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டு டம்ளர் எடுக்க வந்த அக்கா மகள் சொன்னாள்: "இவருக்கு அறுத்தா ஒரு மூச்சு விடலாம் மாமா. எனக்குக் குழுத் தவணை வாராவாரம். நான் எந்த மரத்துக்கடியில நடக்க?"

அதற்கு நடை பதில் இல்லை தாயி. கல்கத்தாவில் குழுக் கடன் வாங்கிய பெண்களில் சிலருக்கு வாரத் தவணை, சிலருக்கு மாசத் தவணை என்று பிரித்துப் பார்த்த ஆய்வு 2012இல் வந்தது. மாசத் தவணைக்காரர்கள் கடனைப் பற்றிக் கவலை, பதற்றம் என்று சொல்வது 51 சதவீதம் குறைவு. கடனைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கும் நேரமும் குறைந்தது. மனசை மாற்றச் சொல்லி யாரும் பாடம் நடத்தவில்லை, தேதியை மாற்றினார்கள்.

"கேட்டுப் பாக்குறேன். வசூலுக்கு வர்ற தம்பி மேனேஜரக் கேளுங்கம்பாரு."

மேனேஜரையே கேட்போம். அடுத்த கூட்டத்துக்கு எத்தனை பேர் சேர்ந்து போகலாம் என்று முதலில் சொல்லு.