பழைய மடிக்கணினியில் எளிய லினக்ஸ் பணிச்சூழல் அமைத்தல்

எளிய லினக்ஸ் பணிச்சூழல் என்பது, கணினி இயங்கத் தேவையான அடிப்படை மென்பொருள்களை மட்டும் முதலில் நிறுவி, சாளரம், இணைய இணைப்பு, ஒலி, எழுத்துரு முதலியவற்றைப் பயனரே ஒவ்வொன்றாகத் தேர்ந்து சேர்த்துக்கொள்ளும் முறையாகும். நினைவகம் குறைந்த பழைய கணினிகளுக்கு இம்முறை மிகவும் பொருந்தும்.

தமிழ்நாட்டுப் பின்னணி

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த முதல் கட்டக் கணினிகளில் 2 ஜிபி நினைவகமும் 320 ஜிபி வன்தட்டும் இருந்தன. விண்டோஸ் 7 உடன் பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளமும் அவற்றில் இடம்பெற்றது. பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு மேம்படுத்தல்கள் 2020 ஜனவரி 14 அன்று நிறுத்தப்பட்டன.

புதுச்சத்திரம் போன்ற நாமக்கல் மாவட்ட ஊர்களில், பன்னிரண்டாம் வகுப்பில் அக்கா வாங்கிய மடிக்கணினி பரண்மேல் கிடக்க, தம்பி கைப்பேசியின் சிறு திரையில் பாடம் படிக்கும் வீடுகள் உண்டு. 'ஸ்லோ ஆகிவிட்டது' என்று ஒதுக்கப்பட்ட கணினிகளில் பலவற்றுக்கு வன்பொருள் பழுது எதுவும் இல்லை. புதிய மென்பொருள்களின் சுமையைத் தாங்க நினைவகம் போதவில்லை என்பதே காரணம்.

சுமை எங்கே இருக்கிறது?

லினக்ஸ் என்பது கெர்னல் எனப்படும் மையப் பகுதி. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் இதைத் தொடங்கினார். இதன்மேல் பல அடுக்குகள் அமைகின்றன.

- திரை வழங்கி: எழுத்தையும் படத்தையும் திரையில் வரைவது. எடுத்துக்காட்டு: எக்ஸ்.ஆர்க்.
- சாளர மேலாளர்: சாளரங்களைத் திறக்கவும் நகர்த்தவும் மூடவும் உதவுவது. எடுத்துக்காட்டு: ஓப்பன்பாக்ஸ்.
- பணிச்சூழல்: சாளர மேலாளரோடு பட்டை, கோப்பு மேலாளர், அமைப்புகள் எல்லாம் சேர்ந்த தொகுப்பு. எடுத்துக்காட்டு: க்னோம், எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்கியூடி.

க்னோம் போன்ற முழுப் பணிச்சூழல் எந்த வேலையும் செய்யாமல் நிற்கும்போதே ஏறத்தாழ 1 ஜிபி நினைவகத்தை எடுத்துக்கொள்ளும். ஓப்பன்பாக்ஸ் மட்டும் உள்ள அமைப்புக்குப் பொதுவாக 300 எம்பி அளவே போதும். 2 ஜிபி கணினியில் இந்த வேறுபாடுதான் பாடம் திறப்பதையும் திறக்காததையும் தீர்மானிக்கிறது.

முன்னேற்பாடுகள்

1. பழைய வன்தட்டில் உள்ள படங்கள், சான்றிதழ் நகல்கள், திட்டக் கட்டுரைகள் ஆகியவற்றை வேறொரு தட்டில் படியெடுக்க வேண்டும். நிறுவும்போது 'முழுத் தட்டையும் பயன்படுத்து' என்று தேர்ந்தால் அனைத்தும் அழிந்துவிடும். இந்த ஒரு படியை மட்டும் எக்காரணம் கொண்டும் தாண்டக் கூடாது.
2. செயலி 64 பிட் வகையா என்று பார்க்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி இல்லை.
3. கணினியின் தேதியைச் சரிபார்க்க வேண்டும். பல ஆண்டு கிடந்த கணினியில் கடிகார பேட்டரி தீர்ந்து, தேதி பின்னோக்கிப் போயிருக்கும். அப்போது மென்பொருள் இறக்கமும் இணையத்தளங்களும் பிழை காட்டும்.
4. நிறுவாமலே பென்டிரைவிலிருந்து இயங்கும் 'லைவ்' பதிப்பைக் கொண்டு வைஃபை, ஒலி, விசைப்பலகை ஆகியவை வேலை செய்கின்றனவா என்று முதலில் பார்ப்பது நல்லது.

நிறுவும் முறை

டெபியனின் 'நெட்இன்ஸ்ட்' கோப்பு 1 ஜிபிக்கும் குறைவானது. அதைப் பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்க வேண்டும். மீதமுள்ள பொதிகள் இணையம் வழியாக வரும். வீட்டில் இணையக் கம்பி இல்லையென்றால் கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து இணையத்தைப் பகிரலாம்.

நிறுவி, 'ரூட்' எனப்படும் தலைமைப் பயனருக்குக் கடவுச்சொல் கேட்கும். அதை வெறுமையாக விட்டால், அடுத்து உருவாக்கும் பயனருக்கே 'சூடோ' வழியாக நிர்வாக உரிமை கிடைக்கும். இறுதியில் மென்பொருள் தேர்வுப் பட்டியல் வரும். அங்கே பணிச்சூழல்களின் குறிகளை எல்லாம் நீக்கி, 'அடிப்படைப் பயன்பாடுகள்' என்பதை மட்டும் விட்டுவைக்க வேண்டும்.

மறுதொடக்கத்துக்குப் பின் கறுப்புத் திரையில் பயனர்பெயர் மட்டும் கேட்கும். இது பிழை அன்று. வரைகலை இன்னும் சேர்க்கப்படவில்லை என்பதே பொருள். இனி 'ஆப்ட்' என்னும் பொதி மேலாளரைக் கொண்டு எக்ஸ்.ஆர்க், ஓப்பன்பாக்ஸ், உள்நுழைவுத் திரைக்கு லைட்டிஎம், பட்டைக்கு டின்ட்2, கோப்புகளுக்கு பிசிமேன்எஃப்எம், வைஃபைக்கு நெட்வொர்க் மேனேஜர், ஒரு முனையம், ஃபயர்ஃபாக்ஸ் ஆகியவற்றை நிறுவலாம். ஒலி அமைப்பையும் தனியே சேர்க்க வேண்டும். பட்டையும் வைஃபை குறியும் தாமாகத் தோன்ற, ஓப்பன்பாக்ஸின் தானியங்குக் கோப்பில் அவற்றின் பெயர்களை எழுத வேண்டும்.

ஆப்ட், கேட்ட பொதியோடு 'பரிந்துரைக்கப்பட்ட' பொதிகளையும் சேர்த்தே இறக்கும். அவற்றைத் தவிர்க்கும் தெரிவு உண்டு. இடம் மிச்சமாகும், ஆனால் ஏதேனும் ஒரு வசதி விடுபட்டால் அதை நாமே தேடிச் சேர்க்க வேண்டியிருக்கும்.

இவ்வளவும் கடினமாகத் தோன்றுவோர், மென்பொருள் பட்டியலிலேயே எல்எக்ஸ்கியூடியைத் தேர்ந்துகொள்ளலாம். நினைவகம் சற்றுக் கூடுதலாகச் செலவானாலும் வேலை எளிது.

தமிழ் வசதி

எளிய அமைப்பில் தமிழ் எழுத்துரு தானாக வந்துவிடாது. எழுத்துரு இல்லாவிடில் தமிழ்ப் பக்கங்கள் வெறும் கட்டங்களாகத் தெரியும். லோகித் தமிழ் அல்லது நோட்டோ எழுத்துருவை நிறுவினால் இது சரியாகும். தட்டச்சுக்கு ஐபஸ், எம்17என் பொதிகளைச் சேர்த்தால், 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 உட்பட, ஒலிப்பு, தட்டச்சுப்பொறி முதலிய விசைப்பலகைகள் கிடைக்கும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு இக்கணினியைக் கொடுக்குமுன் இதைச் செய்துவிட வேண்டும்.

வரம்புகள்

பணிச்சூழலை எவ்வளவு குறைத்தாலும் உலாவியின் பசி குறையாது. 2 ஜிபி கணினியில் இரண்டு மூன்று தாவல்களுக்கு மேல் திறந்தால் வேகம் குறையும். நினைவகத்தைச் சுருக்கிப் பயன்படுத்தும் 'இசட்ரேம்' ஓரளவு உதவும். செலவு செய்ய இயலுமானால் நினைவகத்தை 4 ஜிபி ஆக்குவதும், வன்தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி பொருத்துவதும் கண்கூடான பயன் தரும். காணொளித் தொகுப்பு, புதிய விளையாட்டுகள் ஆகியவற்றுக்கு இக்கணினி ஏற்றதன்று. பாடநூல் படிக்கவும், கட்டுரை தட்டச்சு செய்யவும், பைத்தான் போன்ற நிரல்மொழி பழகவும் இது தாராளமாகப் போதும்.

ஒரு டெபியன் பதிப்புக்கு, நீண்டகால ஆதரவையும் சேர்த்து, ஏறத்தாழ 5 ஆண்டுகள் பாதுகாப்பு மேம்படுத்தல்கள் கிடைக்கும். ஆறாம் வகுப்பில் ஒரு மாணவர் இதைப் பயன்படுத்தத் தொடங்கினால், பத்தாம் வகுப்பு முடியும் வரை அக்காலம் போதும்.